தார் வாசனை

வஞ்சம் வைப்பது எப்படி என்று சுண்ணாம்பிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். பழைய சுவர் பொரிந்து உதிர்வதுபோல அவன் முழங்கையிலிருந்தும் முழங்காலிலிருந்தும் வெள்ளைச் செதில் உதிர்ந்துகொண்டே இருக்கும். சொரியாசிஸ். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாத நோய். அவனுக்கு சுண்ணாம்பு என்று பெயர் வைத்தவன் வேறு யாருமில்லை, கூடப்பிறந்த அண்ணன்.

அப்பா விட்டுப்போன மரப்பட்டறையை அண்ணன்தான் நடத்தினான். முன்பக்கம் கண்ணாடி போட்ட கடை, பின்பக்கம் வேலைக்கூடம். தம்பி முதலில் கடையில்தான் இருந்தான். மேசை வாங்க வந்தவரைக் கட்டிலும் சேர்த்து வாங்க வைக்கிற வாய் அவனுக்கு. ஒருநாள் கறுப்பு மேசை ஒன்றைத் தடவிப் பார்த்த ஓர் அம்மாள், அதன்மேல் கிடந்த செதிலைக் கண்டு கையை உதறிக்கொண்டு வெளியேறினார். மறுநாள் காலை வேலையாட்கள் அத்தனை பேர் முன்னாலும் அண்ணன் வாயைத் திறந்தான்.

"டேய் சுண்ணாம்பு, இனிமே நீ பின்னாடியே கெட. உன்னைப் பாத்தாலே வர்றவங்க ஓடிடுறாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் அவனால் கடைசிவரை மன்னிக்க முடியவில்லை.

பின்னால் அவனுக்குக் கிடைத்தது உப்புத்தாள் போட்டு மரம் தேய்க்கிற வேலை. மூக்கு, காது, சட்டைப்பை எங்கும் மரத்தூள். சில வருஷத்தில் வறட்டு இருமல் பிடித்தது. அந்தப் பட்டறையில் யார் இருமினாலும் ஒரே வைத்தியம்தான்: "தூள் இருமல்டா, வெந்நீர் குடிச்சிட்டு வேலையைப் பாரு." அவனும் குடித்தான். இருமல் போகவில்லை. பிறகு ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கூடத்தைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கியது.

மற்றவன் என்றால் பயந்திருப்பான். இவனுக்கு உள்ளூரச் சந்தோஷம். அண்ணன் தன்னைத் தள்ளிவிட்ட இடத்துத் தூசிதான் நெஞ்சைத் தின்றது என்று ஒரு டாக்டர் சொன்னால் போதும், தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய் அந்தக் கடைக்குப் பூட்டுப் போட வைத்துவிடலாம். அதை நினைத்து நினைத்தே தூங்கினான்.

"உங்களுக்கு மருந்தே வேணாம். இந்தக் கோவமே உங்களை நூறு வருஷம் வச்சிருக்கும்" என்றாள் மனைவி.

நெஞ்சு டாக்டரம்மா அவன் சட்டையைக் கழற்றச் சொன்னார். முதுகில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முழங்கையைத் திருப்பினார், நகத்தைப் பார்த்தார், விரல் மூட்டு வலிக்கிறதா என்று கேட்டார்.

"தூசிதானேம்மா காரணம்?" ஆசையோடு கேட்டான் அவன்.

"தூசி உங்களுக்கு ஆகாது, அந்த வேலையை இன்னைக்கே விடுங்க. ஆனா நுரையீரல்ல இருக்கிற இந்தத் தழும்பு தூசியால வந்த மாதிரி இல்ல. தோலுக்குள்ள ஒரு அழற்சி இருக்கு பாருங்க, சொரியாசிஸ் இருக்கிற சில பேருக்கு அது நுரையீரலையும் தாக்கும். சீக்கிரம் வந்தா கட்டுப்படுத்தலாம். நீங்க கொஞ்சம் தாமதம்தான். வீட்ல வேற யாருக்காவது இந்தத் தோல் நோய் இருக்கா?"

"யாருக்கும் இல்லம்மா."

வெளியே வந்தவனுக்கு நெஞ்சு நோவு பெரிதாகத் தெரியவில்லை. இத்தனை வருஷம் சோறு ஊட்டி வளர்த்த பழியை யாரோ பிடுங்கிக்கொண்டு போனதுபோல் இருந்தது.

அவர் அனுப்பிவைத்த தோல் டாக்டர் புதிதாக ஒரு களிம்பு எழுதிக்கொடுத்திருந்தார். பேருந்தில் உட்கார்ந்து மூடியைத் திறந்தான். குப்பென்று தார் வாசனை.

அந்த வாசனை அவனுக்குத் தெரியும். கண்ணாடிக் கடைக்குள் அண்ணன் உட்கார்ந்திருக்கும் மூலையில் எப்போதும் அடிக்கும். கரையான் வராமல் மரத்துக்குப் பூசுகிற தாரெண்ணெய் என்றுதான் பட்டறையில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். மரக்காரன் மூக்குக்கு வேறென்ன தோன்றும்? வெயில் கொளுத்தும் நாளிலும் அண்ணன் கழற்றாத தொப்பி, கழுத்துவரை பூட்டிய முழுக்கைச் சட்டை, மரத்தூளே படாத அறையில் உட்கார்ந்துகொண்டு அண்ணன் இருமுகிற வறட்டு இருமல், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

டாக்டரம்மா சொன்னதை அண்ணனிடம் சொல்லக்கூடாது என்று முடிவு செய்தான். வாயை மூடிக்கொண்டால் போதும், நோய் பார்த்துக்கொள்ளும். உப்புத்தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு, கணக்குப் பார்க்கிற சாக்கில் கடைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த கண்ணாடிச் சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். அந்தப் பக்கம் அண்ணன் இருமும்போதெல்லாம் இவனுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. இருமுடா, இன்னும் நல்லா இருமு.

ஒருநாள் அண்ணன் மாடிப்படியில் பாதியில் நின்றுவிட்டான். கையில் ஒன்றுமில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி வாயைத் திறந்து திறந்து மூடினான். தம்பிக்குச் சிரிப்பு வரவேண்டும். வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இந்தப் பாவி இப்படியே ஒன்றும் தெரியாமல் போய்ச் சேர்ந்துவிட்டால் நான் யாரைக் கறுவுவது? செத்தவனுக்கு ஏது அவமானம்?

அண்ணன் இறங்கிக் கடைக்குள் போனதும் தம்பியும் பின்னாலேயே போனான். ஒரு புதுமணத் தம்பதி அதே மாதிரி ஒரு கறுப்பு மேசையை விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். தம்பி எட்டி அண்ணனின் தொப்பியைப் பிடுங்கினான். மேசைமேல் வெள்ளையாக உதிர்ந்தது.

"சுண்ணாம்பு" என்றான் தம்பி.

"டேய்... வந்தவங்க பாக்குறாங்கடா."

"பாக்கட்டும். நாளைக்குக் காலையில என்கூட நெஞ்சு டாக்டர்கிட்ட வர்றீங்க. வரலேன்னா தினமும் வந்து கழட்டுவேன்."

மறுநாள் அண்ணன் வந்தான். டாக்டரம்மா சட்டையைக் கழற்றச் சொன்னதும் தம்பியைப் பார்த்தான்.

"நீ வெளிய இருடா."

"மாட்டேன்."

சட்டை இறங்கியது. முதுகு முழுவதும், தம்பிக்கு இருப்பதைவிட மோசமாக, சிவந்து செதில் செதிலாக இருந்தது.

"எத்தனை வருஷமா இருக்கு?" என்றார் டாக்டரம்மா.

அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "இவனுக்கு வர்றதுக்கு முன்னாடியிருந்தே."

டாக்டரம்மா முதுகில் குழாயை வைத்தார். இழுத்து மூச்சு விடச் சொன்னார். அண்ணனால் இழுக்க முடியவில்லை, இருமினான். கழற்றிய சட்டை தம்பியின் மடியில் கிடந்தது. தார் வாசனை அடித்தது.

பரிசோதனை முடிந்தது. அண்ணன் குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டு கையை நீட்டினான்.

"சட்டையைக் குடுடா."

தம்பி அதை மடித்தான். பிரித்தான். மறுபடியும் நிதானமாக மடித்தான்.

"இருங்கண்ணே" என்றான். "என்ன அவசரம்? நான் இன்னும் பாத்து முடிக்கல."