மலையில் நாங்கள் போட்ட நாடகம்

என் அக்காவுக்கு அப்போது பதினாறு வயது. ஊர் உலகத்தைத் திருத்துவதற்கு அதைவிடப் பொருத்தமான வயது கிடையாது. எனக்குப் பன்னிரண்டு. யாரையும் திருத்தும் எண்ணம் எனக்கு இல்லை. அக்கா போகிற இடத்துக்கெல்லாம் போகவேண்டும், அங்கே கொடுப்பதைச் சாப்பிடவேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் ஊர் சங்கராபுரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு அந்த வருஷம் புதிதாக வந்த தலைமையாசிரியர் சேவைக் குழு ஒன்றைத் தொடங்கினார். பெரியவர்கள் தலையிடக்கூடாது, மாணவர்களே இடத்தைத் தேர்ந்தெடுத்து, மாணவர்களே ஜனங்களிடம் பேசி, மாணவர்களே செய்து முடிக்கவேண்டும் என்பது ஏற்பாடு. "நாலு பேரு முன்னாடி வாயத் தொறக்கத் தெரியாதவன் படிச்சி இன்னா பண்ணப் போறான்?" என்று கேட்பார். சேவை செய்தால் கூச்சம் போகும், பேச்சு வரும், நாளைக்கு எந்த வேலைக்குப் போனாலும் உதவும் என்று காலைப் பிரார்த்தனையில் நெடுநேரம் விளக்கினார். அந்தச் சேவையால் ஜனங்களுக்கு என்ன கிடைக்கும் என்பதைப் பற்றி அவர் அதிகம் சொன்னதாக ஞாபகம் இல்லை.

அக்கா குழுவின் தலைவி ஆனாள். காலாண்டு விடுமுறையில் கல்வராயன் மலையில் ஒரு சிற்றூரில் நான்கு நாள் முகாம் என்று முடிவானது. வயிற்றுப்போக்கில் குழந்தைகள் செத்துப்போகாமல் காப்பது எப்படி என்று ஒரு நாடகம் போடுவது, வீடு வீடாகப் போய் விளக்குவது, இதுதான் திட்டம். சுகாதார நிலையத்தில் கேட்டு உப்புச் சர்க்கரைப் பொட்டலங்கள் ஒரு பை நிறைய வாங்கி வைத்திருந்தாள். நாடகத்தையும் அவளேதான் எழுதினாள். டாக்டர் வேஷத்தை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.

எழுதியதைப் படித்துக் காட்டியபோது எல்லாருக்கும் தூக்கம் வந்தது. எங்கள் பக்கத்தில் கூத்து என்றால் கட்டியக்காரன் வந்து கோணங்கித்தனம் செய்து சிரிக்க வைக்காமல் ஒரு கதையும் நகராது. இந்த நாடகத்திலோ ஒரு டாக்டர், ஒரு தாய், ஒரு குழந்தை, மூன்று பேர்தான். டாக்டரைக் கோமாளி ஆக்க அக்கா விடமாட்டாள். குழந்தை ஒரு துணிப்பொம்மை. ஆகவே தாயைக் கட்டியக்காரன் ஆக்கினோம். ஒருவரைப் பார்த்தால் அவரைப் போலவே நடந்து, அவரைப் போலவே பேசிக்காட்டுகிற வித்தை எனக்குக் கைவந்திருந்ததால், அம்மாவின் பழைய புடவையைச் சுற்றிக்கொண்டு நானே தாய் ஆனேன். வயிறு போகிற குழந்தைக்குத் தண்ணீர் தராமல், "தண்ணி குடுத்தா இன்னும் போவும்" என்று டாக்டரிடமே சண்டை பிடிக்கிற தாய். வகுப்பில் ஒத்திகை பார்த்தபோதே பையன்கள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள்.

இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் செய்யப்போவதாக அந்த நாட்களில் எங்கள் பக்கமெல்லாம் ஒரே பேச்சாக இருந்தது. என் சித்தப்பா அதில் முன்னால் நிற்பவர். சாப்பிடக்கூட வீட்டுக்கு வரமாட்டார். நாங்கள் மலைக்குப் புறப்பட்ட அன்றைக்கு மட்டும் பஸ் நிறுத்தம் வரை வந்தார். "நாங்க ரோட்டுல பேசறோம், நீங்க மலையில பேசுங்க. எல்லாம் ஒங்க படிப்புக்குத்தான்டா" என்றார். மறியல் தொடங்குவதற்குள் திரும்பி வந்துவிடலாம் என்று அக்கா நாள் பார்த்து வைத்திருந்தாள்.

குழுவில் பதினோரு பேர். துணைக்கு வந்த அறிவியல் சார் பஸ் ஏறும்போதே சொல்லிவிட்டார், தான் வாயைத் திறக்கப்போவதில்லை என்று. சொன்னபடியே இருந்தார். வெள்ளிமலைக்குப் போகிற பஸ்ஸில் வழியில் இறங்கி, ஒற்றையடிப் பாதையில் நடந்து அந்த ஊரை அடைந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் எங்களுக்கு இடம் கொடுத்தார்கள்.

கொட்டகைக்கு முப்பது அடி தள்ளி இருந்த வீட்டிலிருந்து ஒரு பெண் எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். அக்காவைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். முதுகில் துணியால் கட்டிய குழந்தை. இடது காலைச் சாய்த்து வைத்து நடப்பாள். நாலடிக்கு ஒரு தரம் நின்று, கையைப் பின்னால் கொடுத்துக் குழந்தையைத் தட்டி, "ந்தா, ந்தா" என்பாள். புருஷன் கீழே கரும்பு வெட்டப் போயிருக்கிறான் என்று சொன்னாள். எனக்குச் சொம்பு நிறைய மொண்டு கொடுத்து, "குடி தம்பி, ஊத்துத் தண்ணி, சில்லுனு இருக்கும்" என்றாள். குடித்துக்கொண்டே நான் அவள் நடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே நாடகம். ஊரே வந்து உட்கார்ந்திருந்தது. புடவையைச் சுற்றிக்கொண்டு நான் வந்து நின்றபோது யாரும் சிரிக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் பயம் எடுத்தது. என்ன செய்வதென்று தெரியாமல், பொம்மையை முதுகில் கட்டிக்கொண்டு, இடது காலைச் சாய்த்து நாலடி நடந்து, நின்று, பின்னால் தட்டி, "ந்தா, ந்தா" என்றேன். ஊர் மொத்தமும் குலுங்கிச் சிரித்தது. திரும்பித் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் முன்வரிசையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளும் சிரிக்கிறாள் என்றே நினைத்தேன். அதன்பிறகு என்னைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லை. "தண்ணி குடுத்தா இன்னும் போவும்" என்பதை அவள் குரலிலேயே ஏழெட்டுத் தரம் சொன்னேன். அக்கா டாக்டராக வந்து, ஒரு சொம்பு காய்ச்சி ஆறிய தண்ணீர், ஒரு கைப்பிடி சர்க்கரை, மூன்று விரலில் எடுத்த உப்பு என்று அழகாக விளக்கினாள். அது யார் காதில் விழுந்ததோ தெரியாது.

மறுநாள் அந்த ஊர்ப் பிள்ளைகள் அவள் பின்னாலேயே காலைச் சாய்த்து நடந்து, "தண்ணி குடுத்தா இன்னும் போவும்" என்று கத்திக்கொண்டு போனார்கள். பெரியவர்கள்கூட அவளைப் பார்த்தால் அந்த வசனத்தைச் சொன்னார்கள். என் வசனம் இவ்வளவு சீக்கிரம் ஊர் முழுக்கப் பரவியதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்குத் தண்ணீர் கொண்டுவந்தது வேறு ஒருத்தி. அதன்பின் நாங்கள் வீடு வீடாக விளக்கப் போனபோது அவள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

மூன்றாம் நாள் பஸ் வரவில்லை. சொன்ன நாளுக்கு முன்பே கீழே மரங்களை வெட்டிச் சாலையில் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்தது. புளியமரம் புளியமரமாக விழுந்து கிடக்கிறதாம். கீழே போன ஆண்கள் கீழேயே நின்றுவிட்டார்கள். மேலே இருந்த நாங்கள் மேலேயே. சாமைச்சோறும் களியும் ஊர்க்காரர்கள்தான் போட்டார்கள். எனக்கு அது விடுமுறை நீண்டது போலத்தான் இருந்தது.

ஐந்தாம் நாள் காலையில் பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்தி கொட்டகைக்கு வந்தாள். "ஒங்களுக்குத் தண்ணி கொண்டாந்துதே, அந்தப் பொண்ணு ரெண்டு நாளா வூட்ட வுட்டு வெளிய வரல. புள்ளைக்கி வயித்தால போய்க்கினு இருந்துது. இப்ப அழுவற சத்தமும் கேக்கல" என்றாள். அக்கா பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன்.

குழந்தை பாயில் கிடந்தது. கண் உள்ளே போய், உதடு காய்ந்து கிடந்தது. அக்கா பொட்டலத்தைக் கரைத்து, கரண்டியில் எடுத்து வாயில் விட்டாள். அது கடைவாய் வழியாக வழிந்துவிட்டது. மறுபடி விட்டாள், மறுபடி வழிந்தது.

"நாங்க இங்கதான இருக்கறோம், முப்பது அடியில. ஏன்க்கா வந்து சொல்லல?"

அந்தப் பெண் அக்காவைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். "வந்து சொன்னா, புள்ள படுத்துக்கினு கெடக்கறதையும் ஆடிக் காட்டுவீங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

எனக்குக் குழப்பமாக இருந்தது. நாங்கள் இன்னொரு நாடகம் போடுவதாக யாரிடமும் சொல்லவில்லையே. அவளுக்கு யாரோ தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்து, "இல்லக்கா, ஆட்டம் முடிஞ்சிடுச்சி. இனிமே போடமாட்டோம்" என்று ஆறுதல் சொன்னேன். அக்கா திரும்பி, "வெளிய போ" என்றாள். அவள் என்னிடம் அப்படி ஒரு குரலில் பேசியதே இல்லை.

சாரும் ஊர்க்காரர் ஒருவரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலையிலிருந்து நடந்தே இறங்கினார்கள். காலைச் சாய்த்துச் சாய்த்து அவளும் கூடவே போனாள். அடிவாரத்தில் இருக்கும் கச்சிராயபாளையம் போய்விட்டால் எப்படியாவது கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடலாம் என்பது சாரின் எண்ணம். சாலையில் ஒரு வண்டி இல்லை. விழுந்து கிடந்த மரங்களுக்கு அருகே இருந்த மறியல்காரர்களே குழந்தையைக் கையில் வாங்கி அந்தப் பக்கம் கொடுத்தார்களாம். மூன்றாவது மரத்துக்கருகே வாங்கினவர் கொடுக்காமல் நின்றுவிட்டார். அந்த மரங்களில் எது என் சித்தப்பா வெட்டியது என்று நான் அவரிடம் கேட்டதே இல்லை. அவரும் தானாகச் சொன்னதில்லை.

ஒரு வாரம் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தோம். பள்ளி திறந்ததும், முகாமில் கற்றதைப் பற்றிப் பேச்சுப்போட்டி வைத்தார் தலைமையாசிரியர். அக்கா பெயர் கொடுக்கவில்லை. நான் கொடுத்தேன். மேடையில் ஏறியபோது எனக்கு ஒரு துளி பயம் இல்லை, கூச்சம் சுத்தமாகப் போயிருந்தது. கண் முன்னால் நாடகம் போட்டுக் காட்டியும், கூப்பிடு தூரத்தில் நாங்கள் மருந்தோடு இருந்தும், அறியாமையால் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயைப் பற்றிப் பேசினேன். பேச்சு நடுவில் இன்னும் உருக்கமாக இருக்கட்டும் என்று, துண்டைச் சுருட்டிக் கையில் ஏந்திக்கொண்டு, பிள்ளையை அவளே தூக்கிக்கொண்டு மலையிறங்கியதாக இடது காலைச் சாய்த்து நடந்து காட்டினேன். "ந்தா, ந்தா" என்று துண்டைத் தட்டினேன். இந்தத் தரம் யாரும் சிரிக்கவில்லை. பெண் பிள்ளைகள் அழுதார்கள், தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதல் பரிசு எனக்குத்தான். அதை நினைத்தால் இப்போதும் என் உடம்பு கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை.

நான் நடந்து காட்டிக்கொண்டிருந்தபோதே அக்கா எழுந்து வெளியே போய்விட்டாள். அதன்பிறகு அவள் எந்த மேடையிலும் ஏறவில்லை, பல நாள் என்னோடு பேசவும் இல்லை. ஏன் பேசுவதில்லை என்று அம்மா என்னிடம் கேட்டாள். எனக்குப் பரிசு கிடைத்ததில் அவளுக்குப் பொறாமை என்று சொன்னேன்.