மூன்றாம் ஓலை

எங்கள் சபையின் போதகர் நன்றாகப் பிரசங்கம் செய்வார். இதை முதலிலேயே எழுதிவிடுவது நியாயம், ஏனென்றால் இனி அவரைப் பற்றி நான் எழுதப்போவதில் நல்லதாக ஒன்றும் அதிகம் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கிணற்றங்கரையில் வேற்றினப் பெண் ஒருத்தியிடம் இயேசு தண்ணீர் கேட்ட பகுதியை எடுத்துப் பேசினார். அவள் தொட்ட குடத்தில் வாய் வைக்க என்ன மனம் வேண்டும் என்று கேட்டார். மூன்றாம் வரிசையில் இருந்த நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். எனக்கு அடுத்து இருந்த ரப்பர் ஷீட் வியாபாரி, எங்கள் கமிட்டியின் மூத்த உறுப்பினர், கைக்குட்டையை எடுத்தார். மூன்று நாள் கழித்துப் புதன்கிழமை மாலை கமிட்டிக் கூட்டத்தில் நாங்கள் மூன்று பேரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். அந்தக் குடத்தைப் பற்றி ஒருவருக்கும் ஞாபகம் இருக்கவில்லை.

வருவாய்த் துறையில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையில் பஸ்ஸிலேயே பாதி ஆயுள் போனது. ஓய்வுக்குப் பிறகு சபைச் செயலாளர் பதவியை என் தலையில் கட்டினார்கள். விதி தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். விதி தெரிந்தவனை எதற்குத் தேடுவார்கள் என்பது எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, தடை உண்டென்றால் தெரிவிக்கலாம் என்று, தொடர்ந்து மூன்று ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பது. பெண்ணின் சபையிலும் மாப்பிள்ளையின் சபையிலும் வாசிப்பார்கள். இடையில் ஒரு ஞாயிறு தவறினால் முதலில் இருந்து தொடங்க வேண்டும். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் லெந்து காலத்தில் கல்யாணம் கிடையாது.

அந்த வருடம் ஓலைக்கு வந்தவள் எங்கள் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கும் பெண். நெய்யாற்றின்கரையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. முதல் கணவன் லாரி மோதி இறந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. அந்த ஏழு வருடமும் ஒரு ஞாயிறு தவறாமல் வந்து எங்கள் பாட்டுகளை, நாங்கள் சுருதி தவறிப் பாடினாலும், தூக்கி நிறுத்தியவள். மாப்பிள்ளை களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்துக்காரர், மஸ்கட்டில் எலக்ட்ரீஷியன். லெந்துக்கு முந்தின திங்கள்கிழமை, மாப்பிள்ளையின் சபையில் கல்யாணம். அதற்குப் பத்து நாள் கழித்து அவருக்கு விமானம். அடுத்த விடுப்பு இரண்டு வருடம் கழித்து. பெண்ணுக்கு வயது நாற்பதை எட்டிக்கொண்டிருந்தது. இரண்டு வருடம் என்றால் என்ன என்று கணக்குப் போட அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதல் இரண்டு ஓலையும் வாசித்தாயிற்று. அப்புறம்தான் போதகர் அங்கி மாற்றும் வெஸ்ட்ரி அறைக் கதவின் அடியில் ஒரு கடிதம் கிடந்தது. டைப் செய்தது, மலையாளத்தில், கையெழுத்து இல்லாமல். மாப்பிள்ளையின் குடும்பம் எந்த மிஷனில், எந்தக் காலத்தில், எந்த ஜனத்தில் இருந்து வந்தது என்று சபை விசாரிக்க வேண்டுமாம். சாதி என்ற சொல் அதில் எங்கும் இல்லை. நாங்கள் கிறிஸ்தவர்கள், அந்தச் சொல்லை எழுத மாட்டோம்.

கமிட்டியிலும் யாரும் அதைச் சொல்லவில்லை. ரப்பர் வியாபாரி, அந்தப் பெண்ணின் இறந்த கணவனுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். பேப்பர் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதில் என்ன குற்றம் என்று கேட்டார். மாப்பிள்ளையின் ஞானஸ்நானச் சீட்டு இருக்கிறது என்றேன். அவருடைய அப்பாவின் சீட்டு வேண்டும் என்றார். அப்பாவுக்கா கல்யாணம் என்று கேட்டேன். ஒருவர் சிரித்தார். வியாபாரி சிரிக்கவில்லை.

"சாரே, நமக்க ஆளுவளுக்க காரியம் நாமதானே பாக்கணும். வேற யாரு பாப்பா?"

கையெழுத்தில்லாத கடிதத்தைக் குப்பையில் போடுவதுதான் நடைமுறை என்றேன். அப்போது அவர் தன் பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். சபையின் பழைய தீர்மானம். ஓலை சம்பந்தமாக வரும் எந்த ஆட்சேபனையும் அடுத்த வாசிப்புக்கு முன் கமிட்டியில் வைக்கப்பட வேண்டும். கீழே, முன்மொழிந்தவர் என்ற இடத்தில் என் பெயர்.

நான்தான் எழுதினேன். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன், பம்பாயில் ஏற்கெனவே பெண்டாட்டி உள்ள ஒருவன் இங்கே வந்து இன்னொரு ஓலை கொடுத்தான். பெண்ணின் மாமாவுக்கு விஷயம் தெரியும், ஆனால் கையெழுத்துப் போடப் பயம். அவரைப் போன்றவர்களுக்காகத்தான் கையெழுத்து வேண்டும் என்ற நிபந்தனையை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அன்று என்னைப் பாராட்டினார்கள்.

கடிதம் கமிட்டியில் வைக்கப்பட்டது. முடிவு ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைப்பு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். மறுக்கத் தைரியம் இல்லாத இடத்தில் நானே அந்த வார்த்தையை எத்தனையோ கோப்புகளில் எழுதியிருக்கிறேன். ஆனால் ஒத்திவைப்பு மறுப்பு ஆகாது. கமிட்டி தடுக்காதவரை மூன்றாம் ஓலையை வாசிக்கலாம், வாசிக்க வேண்டும். கூட்டம் முடிந்ததும் போதகரிடம் இதை விளக்கினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

ஜெபத்தின் பலன் சனிக்கிழமை மத்தியானம் வாட்ஸ்அப்பில் வந்தது. அவருடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, செவ்வாய்க்கிழமை வரை விடுப்பு. அம்மாவுக்கு நிஜமாகவே சரியில்லாமல் இருந்திருக்கலாம். ஓலைப் புத்தகம் இருந்த அலமாரியின் சாவியையும் கொண்டுபோயிருந்தார். அம்மாவுக்கு அந்தச் சாவியால் என்ன சுகம் கிடைத்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

போதகர் இல்லாத ஞாயிறு அவருடைய உதவியாளரான உபதேசியார்தான் ஆராதனை நடத்துவார். சம்பளம் சொற்பம், சபை கொடுத்த வீட்டில் குடியிருக்கும் மனிதர். நான் அவர் வீட்டுப் படியேறினபோதே எதற்கு வந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"எனக்கு இனி மூணு வருசம் சர்வீஸ் உண்டு சாரே. அதுக்குள்ள என்னைய தூக்கி வெளிய போட்டா நான் எங்க போவேன்? நான் வாசிக்க மாட்டேன்."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தன் பயத்தை வேதவசனத்தில் சுற்றித் தராமல் பயம் என்றே சொன்ன ஒரே ஆள் அவர். நீங்கள் வாசிக்க வேண்டாம், அறிவிப்பு நேரத்தில் வழக்கம்போல என்னைக் கூப்பிட்டால் போதும் என்றேன். அறிவிப்புகளை வாசிப்பது செயலாளரின் வேலை. ஓலையும் அறிவிப்புதான். எதை வாசிக்கக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. ஓலைப் படிவத்தை டைப் செய்தவன் நான், நகல் என்னிடம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெண்கள் ஐக்கியக் கூட்டம், கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டு, இரண்டையும் வாசித்துவிட்டு மூன்றாவதாக ஓலையை எடுத்தேன். கீபோர்டின் பின்னால் இருந்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் பெயர் வந்ததும் வியாபாரி எழுந்தார்.

"சாரே, அத வாசிக்கப்பிடாது. கமிட்டி முடிவு சொல்லல்ல."

நான் நிறுத்தாமல் கடைசி வரிவரை வாசித்து முடித்தேன். பிறகு அவரைப் பார்த்தேன்.

"தடை உண்டுமா, இல்லியா? உண்டுமெங்கி இப்ப சொல்லும். என்ன தடைன்னு எல்லாரும் கேக்கும்படியா சொல்லணும்."

அவர் வாயைத் திறந்தார். இருநூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தடையைச் சொல்ல ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது. வீட்டில் சொல்லலாம், கடையில் சொல்லலாம், பெண் பார்க்கப் போகும் காரில் தாராளமாகச் சொல்லலாம். பலிபீடத்தைப் பார்த்து நின்றுகொண்டு சொல்ல முடியாது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். உபதேசியார் அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார். கீபோர்டில் அவள் முதல் அடியைத் தப்பாக வாசித்தாள். ஏழு வருடத்தில் நான் கேட்ட முதல் தப்பு.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. மூன்று ஓலையும் வாசித்தாயிற்று, தடை இல்லை என்ற சான்றில் போதகர் கையெழுத்துப் போட வேண்டும், அது இல்லாமல் மாப்பிள்ளையின் சபையில் தாலி எடுத்துக் கொடுக்க மாட்டார்கள். திரும்பி வந்தாலும் எங்கள் போதகர் போட மாட்டார். ஆனால் அவரும் ஒரு விதிக்கு உட்பட்டவர். ஊரை விட்டுப் போகும் போதகர், பொறுப்பை அடுத்த சபைப் போதகரிடம் எழுத்தில் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்திருந்தார். விடுப்புக் கடிதத்தின் நகல் என் கோப்பில் இருந்தது. செவ்வாய் மாலை வரை எங்கள் சபைக்குப் போதகர், திருப்புறம் ஊர்ப் பக்கத்துச் சபையின் போதகர்.

திங்கள்கிழமை காலை பஸ் ஏறினேன். அவர் வயதானவர், லுங்கியுடன் வாழைக்கு உரம் போட்டுக்கொண்டிருந்தார். படிவத்தையும் விடுப்புக் கடிதத்தையும் வாங்கி இரண்டு தடவை வாசித்தார்.

"உங்க பாஸ்டர் எனக்குக் கைமாறித் தந்தது இதுக்காக்கும், இல்லியா?" என்றார். கையைக் கழுவிவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார்.

அதற்கு அடுத்த திங்கள்கிழமை கல்யாணம் நடந்தது. எங்கள் போதகரும் வந்தார். மணமக்களுக்காக நீளமாக, அழகாக ஜெபித்தார், சாதி மதம் என்னும் சுவர்களை அன்பு இடித்துவிடும் என்று. நானும் ஆமென் சொன்னேனா என்று நினைவில்லை. சொல்லியிருந்தால் அதையும் மன்னிக்க வேண்டும்.

பந்தியில் மணப்பெண் என் இலைக்கு அருகே வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நான் எழப்போனேன், வெட்கமில்லாமல்.

"அந்தத் தீர்மானம் நீங்க எழுதினதுதானே சாரே," என்றாள், மெதுவாக. "தடை உண்டுமான்னு நீங்க கேட்டதும் எல்லாரும் என்னையாக்கும் பாத்தாவ. எழும்பி நின்னவரு ஒண்ணும் சொல்லாம இருந்த நேரம் எனக்கு ஒரு வருசம்போல இருந்துது. அவரு சொல்லியிருந்தா? நான் அங்க இருந்து எழும்பி எப்படி நடப்பேன், எந்த வாசல் வழியா போவேன்னு பாத்து வச்சிருந்தேன். சோறு வேணுமா?"

வேண்டாம் என்றேன். அவள் அடுத்த இலைக்குப் போனாள்.

அவர் சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. என் திறமையைக் காட்ட அவளை இருநூறு பேர் முன்னால் உட்கார வைத்தேன். முந்தின நாள் அவள் வீட்டுக்கு ஒரு நடை போய்ச் சொல்லியிருக்கலாம். அதற்கு எந்த விதியும் இல்லாததால் எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த கமிட்டியில், அறிவிப்புகளை இனிப் போதகர் மட்டுமே வாசிப்பார் என்று முடிவு செய்தார்கள். கையெழுத்தில்லாத ஆட்சேபனையை ஏற்கக் கூடாது என்று பழைய தீர்மானத்துக்கு நான் ஒரு திருத்தம் கொடுத்தேன். ஒத்திவைத்தார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் கொடுக்கிறேன், ஒவ்வொரு கூட்டத்திலும் ஒத்திவைக்கிறார்கள். அவள் கணவனின் சபைக்கு மாறிப் போய்விட்டாள், அங்கே ஞாயிறுதோறும் கீபோர்டு வாசிக்கிறாள். எங்கள் கீபோர்டு உறை மாட்டி ஓரமாக இருக்கிறது. உபதேசியார் எண்ணைச் சொன்னதும் வியாபாரிதான் பாட்டை எடுத்துக்கொடுக்கிறார், ஒவ்வொரு வாரமும் சுருதியை ஒரு கட்டை மேலே ஏற்றி. எங்களால் எட்ட முடியவில்லை.