பூனைக் காதும் ஒரு பாட்டில் தேனும்

குற்றாலத்தில் எங்களுக்கு அடுத்த கடைக்காரர் எங்களோடு பேச்சை நிறுத்திச் சில சீசன்கள் ஆகியிருந்தன. பெரிய சண்டை ஒன்றுமில்லை. எங்கள் தார்ப்பாயில் தேங்குகிற சாரல் தண்ணீரைக் கம்பால் குத்தித் தள்ளினால் அது நேராக அவர் கடைக்குள் போய் விழும். அவர் தேன் விற்பவர். பாட்டில்களில் ஒட்டியிருக்கும் தாளெல்லாம் நனைந்து உரிந்துவிடும். ஒருநாள் அவர் கத்தினார், நான் பதிலுக்குக் கத்தினேன். கத்துவதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்றோடு இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். நான் நன்றி சொல்ல வேண்டியவர்களை வரிசையாக நிறுத்தினால் இன்றைக்கு முதல் ஆளாக நிற்பவர் அவர்தான்.

எங்களுடையதைக் கடை என்று சொல்வதே பெரிய வார்த்தை. ஐந்தருவிக்குப் போகிற ரோட்டோரத்தில் நாலு கம்பு, ஒரு தார்ப்பாய், இரண்டு பெஞ்சு. சீசன் மாதங்களில் சம்பாதிப்பதை வைத்துத்தான் இலஞ்சியில் வீட்டு வாடகையும் மற்ற மாதங்களும் ஓடும். துண்டு, ஜட்டி, ஷாம்பு, எண்ணெய் எல்லாம் முன்வரிசை. அருவியில் நனைந்து வருகிறவர்கள் பேரம் பேசாமல் வாங்குவார்கள். பின்வரிசையில் பிள்ளைகள் அழுது வாங்குகிற சாமான்கள். விசில், குமிழி விடுகிற டப்பா, தலையில் மாட்டினால் மினுக்மினுக்கென்று எரிகிற பூனைக் காது. சைனா சாமான் என்று பொதுவாகச் சொல்வோம். உண்மையில் எங்கே செய்தது, யார் செய்தது என்று அட்டையில் ஒரு எழுத்து இருக்காது. மதுரையில் மொத்தக்கடையில் மூட்டையாக எடுத்து, பஸ் மேலே போட்டுக்கொண்டு வருவார் என் வீட்டுக்காரர்.

அந்தப் பூனைக் காதுகளுக்குச் சாரல் ஆகாது. காலையில் எரிந்தது மத்தியானம் எரியாது. எரியாத சாமானை எந்தப் பிள்ளையும் திரும்பிப் பார்க்காது. அதனால் இவர் தனியாகப் பட்டன் பேட்டரி வாங்கி வைத்து மாற்றிக்கொண்டே இருப்பார். தட்டையாக, ஒரு ரூபாய் நாணயம் போல இருக்கும். கீழே வைத்தால் ஈரம், சட்டைப்பையில் வைத்தாலும் ஈரம். அதனால் புதுப் பேட்டரியை உதட்டில் கவ்விக்கொள்வார். இடது கையில் பூனைக் காது, வலது கட்டைவிரல் நகத்தால் மூடியை நெம்பிப் பழசைத் தட்டிவிடுவார், உதட்டிலிருந்து புதுசை எடுத்து உள்ளே வைப்பார். தையல்காரர்கள் குண்டூசியைக் கவ்விக்கொள்வதில்லையா, அந்த மாதிரி. அந்த வரிசையில் பொம்மை விற்கிற எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். பார்க்க எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும்.

அது ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. எள் போட இடமில்லாத கூட்டம். பள்ளிக்கூடம் இல்லாததால் மகளும் எங்களோடு இருந்தாள். அப்போது அவளுக்கு நாலு வயது. பெஞ்சுக்குப் பின்னால் காலி அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்து தானாக ஏதோ பேசி விளையாடிக்கொண்டிருந்தாள். காலையில் கடையில் வைத்துக் கொடுத்த இட்லியைத் தொடவில்லை. முந்தின நாள் அருவியில் நிற்க வைத்ததால் தொண்டை கட்டியிருக்கும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் வாயிலிருந்து எச்சில் ஒழுகிக் கவுன் முன்பக்கம் நனைந்திருந்தது. துடைத்துவிட்டேன். மறுபடி ஒழுகியது.

ஒரு அம்மாள் தன் மகனுக்குப் பூனைக் காது வாங்க வந்து நின்றார். தலையில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. இவர் கீழே கிடந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார். எரியவில்லை. திருப்பிப் பார்த்தால் மூடி திறந்து கிடந்தது, உள்ளே பேட்டரி இல்லை.

“ஏட்டி, இத நீயா தொறந்த?” என்று இவர் கேட்டார்.

அவள் ஆமென்று தலையை ஆட்டினாள்.

“உள்ள இருந்தத எங்க?”

“அப்பா மாதிரி வாய்ல வச்சேன்” என்றாள். “உள்ள போய்ட்டு.”

எதிர்க்கடை அக்கா அதற்குள் ஒரு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டு ஓடி வந்தாள். எங்கள் பக்கத்தில் எது முழுங்கினாலும் வாழைப்பழம்தான், இல்லையென்றால் ஒரு உருண்டைச் சோறு. நானும் அதை வாங்கிப் பிள்ளை வாயில் திணிக்கப் போனேன். பூனைக் காது வாங்க வந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வேண்டாம்மா. நான் நர்ஸ். பழம் குடுக்காதீங்க, தண்ணியும் வேண்டாம். பேட்டரி தொண்டைல நின்னா சதையச் சுட்டுரும். தேன் இருந்தா ஒரு ஸ்பூன் குடுங்க, போற வழியிலயும் கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. உடனே ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க.”

தேனுக்கா பஞ்சம்? பக்கத்துக் கடையில் வரிசையாக அடுக்கியிருந்தது. சுற்றி ஒரு வேன் கூட்டமே நின்று விலை கேட்டுக்கொண்டிருந்தது. நான் கேட்காமல் கொள்ளாமல் கையை நீட்டி ஒரு பாட்டிலை எடுத்தேன். அவர் அதை என் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினார். இந்த நேரத்திலுமா தார்ப்பாய்த் தண்ணீரை நினைத்துக்கொண்டிருக்கிறான் இந்த ஆள் என்று எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. வாயில் நல்ல வார்த்தை ஒன்றுமில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன்.

“அது வேண்டாம்” என்று அவர் கத்தினார். “அது சீனிப் பாகு. பிள்ளைக்கு அதக் குடுக்காத.”

அவர் பெஞ்சுக்கு அடியில் குனிந்து பேப்பர் சுற்றிய ஒரு பாட்டிலை எடுத்தார். “இது மலைத்தேன். வீட்டுக்கு வச்சிருந்தேன். இதக் குடு” என்று மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து கொடுத்தார். கையில் பாட்டிலோடு நின்ற ஒருவர், “அப்ப இது?” என்று கேட்டார். “அதுவும் பாகுதான் அண்ணாச்சி, வச்சிட்டுப் போங்க” என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார். யாரோ போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் அதையும் பார்த்தார்.

ஆட்டோ கிடைத்தது, வழி கிடைக்கவில்லை. சீசன் ஞாயிற்றுக்கிழமையில் அந்த ரோடு எப்படி இருக்கும் என்று வந்தவர்களுக்குத் தெரியும். தேன் கடைக்காரர் ஆட்டோவுக்கு முன்னால் ஓடினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கார்களின் முன்பக்கத்தைப் படார் படாரென்று தட்டி, “ஒதுக்குலே, பிள்ள சாகப் போகுது, ஒதுக்கு” என்று கத்திக்கொண்டே ஓடினார். பெரிய பெரிய காரெல்லாம் ஒதுங்கின. தென்காசி ரோடு திறந்த இடத்தில் நின்று, இடுப்பில் கையை வைத்து மூச்சு வாங்கினார். நான் மடியில் பிள்ளையை வைத்துத் தேனைப் புகட்டிக்கொண்டிருந்தேன். அவருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குள் ஆட்டோ போய்விட்டது.

தென்காசி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். கருப்பில் வெள்ளையாக ஒரு வட்டம், அதற்குள் இன்னொரு வளையம். காசு என்றால் உள்வளையம் இருக்காது, இது பேட்டரிதான் என்று டாக்டரம்மா சொன்னார். அங்கேயே ஆம்புலன்ஸில் ஏற்றித் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். பாவூர்சத்திரம் மார்க்கெட் பக்கம் காய்கறி லாரிகள் குறுக்கே நின்றன. மூட்டை தூக்குகிறவர்கள் சத்தம் கேட்டுத் தக்காளிக் கூடைகளைக் கையோடு இழுத்துப் போட்டு வழி விட்டார்கள். அவர்கள் முகம் எதுவும் எனக்குத் தெரியாது. சாமி கும்பிடும்போது அவர்களையும் சேர்த்துக்கொள்கிறேன்.

திருநெல்வேலியில் குழாய் விட்டு எடுத்தார்கள். ஒரு சின்னக் கிண்ணத்தில் வைத்துக் காட்டினார்கள். வெள்ளியாகப் போனது கருகி வந்திருந்தது. உள்ளே புண் ஆழமாக இருக்கிறது, ஆனால் ஓட்டை விழவில்லை, தேன் கொடுத்தது நல்லது என்றார் டாக்டர். புண் ஆறும்போது உணவுக்குழாய் சுருங்கும், சுருங்கினால் விரித்துவிட வேண்டும், எத்தனை தடவை என்று இப்போது சொல்ல முடியாது என்றும் சொன்னார். சோறு முழுங்குவாளா என்று கேட்டேன். பார்ப்போம் என்றார். அந்த ஒரு வார்த்தையைத்தான் அதற்குப் பிறகு எத்தனையோ மாதம் மனசில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

இவர் வராந்தாவில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வாய் மேல் உள்ளங்கையை வைத்தபடியே இருந்தார். திட்டுவதற்கு என்னிடம் வண்டி வண்டியாக இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு டீயை வாங்கி இரண்டாக ஊற்றிக் குடித்தோம்.

மகளை மூக்கில் குழாயோடு வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மிச்சமிருந்த பூனைக் காதுகளையெல்லாம் இவர் தரையில் கொட்டினார். ஒவ்வொன்றாகத் திருப்பி என்னிடம் காட்டினார். மூடியின் ஓரத்தில் ஒரு குட்டி ஓட்டை இருந்தது. திருகாணி போட வேண்டிய ஓட்டை. எல்லாவற்றிலும் ஓட்டை இருந்தது, எதிலும் திருகாணி இல்லை. முதலில் அச்சு செய்தவன் ஒரு பிள்ளையை நினைத்துத்தான் அந்த ஓட்டையை வைத்திருக்கிறான். பிறகு எவனோ ஒருவன் விலையை நினைத்து அதைப் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். அவன் மட்டும் கையில் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

ஆனால் அதைச் செய்த இடத்தில் அந்த மூடியை அழுத்தி மூடிய கையை என்னால் திட்ட முடியவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் வீரகேரளம்புதூர் பக்கம் எங்கள் வீட்டில் நான் பீடி சுற்றியவள். சுற்றுகிற எண்ணிக்கைக்குத்தான் கூலி. குனிந்த தலை நிமிராமல் சுற்றுவோம். யார் வாயில் போகிறது, யார் நெஞ்சைக் கெடுக்கிறது என்று ஒருநாளும் நான் நினைத்ததில்லை. கை நின்றால் கூலி நின்றுவிடும், நினைக்க நேரமேது? அங்கேயும் ஒருத்தி அப்படித்தான் உட்கார்ந்திருப்பாள். திருகாணி போடச் சொன்னால் போட்டிருப்பாள். அவள் கண்ணும் எரிந்திருக்கும், விரலும் தேய்ந்திருக்கும். அவளுக்கும் வீட்டில் ஒரு நாலு வயசு இருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன். வேண்டுமென்று நினைக்கவில்லை, தானாக வந்தது.

தேன் கடைக்காரரின் படம் போன் போனாகப் போயிருந்தது. அதிகாரிகள் வந்து பாட்டில்களையெல்லாம் ஓடையில் கொட்டவைத்தார்கள். மிச்ச சீசன் முழுக்க அவர் கடை போடவில்லை. பாகைத் தேன் என்று விற்றது தப்புதான், அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அத்தனை பேருக்கு முன்னால் தன் வாயால் தன் பிழைப்பில் மண்ணைப் போட்டுக்கொண்டது என் பிள்ளைக்காக. அவர் வீட்டுக்குப் போனேன். கையெடுத்துக் கும்பிட்டேன். எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. “பிள்ள எப்படி இருக்கா?” என்றார். சொன்னேன். “அடுத்த சீசன்ல தார்ப்பாய அந்தப் பக்கமா சரிச்சுக் கட்டுங்க” என்றார். அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. அடுத்த வருடம் அவர் துண்டு வியாபாரத்துக்கு மாறினார். எங்களுக்குப் போட்டிதான், இருக்கட்டும். நாங்கள் பேட்டரி சாமானை விட்டுவிட்டோம். விசிலும் குமிழி டப்பாவும் இன்னும் அதே மூட்டையிலிருந்துதான் வருகின்றன. வயிறு இருக்கிறதே.

மகளைப் பல தடவை திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனோம், உணவுக்குழாயை விரித்துவிட்டார்கள். பாலிலிருந்து கஞ்சிக்கு வந்தாள், கஞ்சியிலிருந்து கரைத்த சோற்றுக்கு வந்தாள். ஒவ்வொரு வாய்க்கும் நாங்கள் இரண்டு பேரும் கையை நிறுத்திவிட்டு அவள் தொண்டையையே பார்ப்போம். அவளுக்கே அது பழகிவிட்டது. முழுங்கியதும் எங்களைப் பார்த்து, “இறங்கிட்டு” என்பாள். அதைக் கேட்ட பிறகுதான் இவர் தன் வாயில் இருப்பதை முழுங்குவார். சில நாள், சோறு தொண்டையில் நிற்கிறதென்று, “நிக்கி” என்பாள். அன்றைக்கு வீட்டில் மற்றவர்களுக்கும் சாப்பாடு இல்லை.

போன மாதம் பள்ளிக்கூடம் விட்டு வந்தவளுக்குத் தோசை சுட்டுக் கொடுத்தேன். ஓரம் மொறுமொறுவென்றிருந்தது, பிய்த்துக் கரைத்துக் கொடுக்க நினைப்பதற்குள் அவளே எடுத்துக் கடித்துவிட்டாள். இவர் கை தட்டிலேயே நின்றுபோனது. தன் பென்சிலைப் பக்கத்து பெஞ்சுப் பிள்ளை ஒளித்துவைத்த கதையை அவள் மும்முரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இடையிடையே கடித்தாள், மென்றாள், மறுபடி கதை. தோசை பாதி தீர்ந்தது. நானும் இவரும் அந்த வார்த்தைக்காகக் காத்துக்கொண்டே இருந்தோம். அவள் அதைச் சொல்ல மறந்துபோய், காலித் தட்டை நீட்டி, “இன்னொண்ணு சுடும்மா” என்றாள்.