தடுப்புச்சுவரில் கைத்தடம்

விருதுநகருக்குத் தெற்கே, காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் நான்குவழிச் சாலையில், மாலை நடையின்போது அந்த அம்மாளைப் பார்ப்பேன். மெலிந்த உடம்பு. பட்டாசு கம்பெனி வேனிலிருந்து இறங்கி, அலுமினியப் பொடி அப்பிய கைகளை உயர்த்தியபடியே பாதிச் சாலையைக் கடப்பார். நடுவிலுள்ள தடுப்புச்சுவரைப் பிடித்து ஏறிக் குதிப்பார்.

"கையைக் கழுவிட்டு வரக்கூடாதாம்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கழுவுனா லாரிக்காரன் கண்ணுக்கு எப்படிய்யா தெரியும்? வெளிச்சம் பட்டா மின்னும்ல. இங்கன இருந்த வழிய எந்தப் புண்ணியவான் அடைச்சானோ."

அடைக்கச் சொன்ன பொறியாளன் நான்தான். அதை அவரிடம் சொல்லவில்லை. "ஆபீசில் பேசிப் பார்க்கிறேன்" என்றேன், பேசவுமில்லை.

சில மாதங்களாக அவரைக் காணவில்லை. சுவரில் அவருடைய வெள்ளிக் கைத்தடங்கள் மங்கிவருகின்றன. புதிதாக ஒன்றும் பதியவில்லை. வேனில் வரும் மற்ற பெண்களிடம் கேட்டால் தெரிந்துவிடும். அதனால்தான் கேட்காமல் திரும்பிவிடுகிறேன்.