மீன் தராசில் ஏறிய பயணிகள்

வெளிநாட்டு விமானப்படையின் சரக்கு விமானம் எங்கள் தீவில் இறங்கிய அன்று, அரசாங்க உத்தியோகத்தனாக எனக்குக் கிடைத்த முதல் பொறுப்பு ஓடுபாதையில் நின்ற கழுதைகளைக் கலைப்பது. இரண்டாவது பொறுப்பு மொழிபெயர்ப்பு. "இங்கிலீஷ் ஆருக்குத் தெரியும்?" என்று கந்தோரில் கேட்டபோது எல்லோரும் கோப்புகளுக்குள் குனிந்துகொண்டார்கள். நான் மட்டும் நிமிர்ந்து இருந்துவிட்டேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைப் படித்து முடித்த முதல் ஆள் நான். கேள்வி என்று வந்தால் கை தானாகவே உயர்ந்துவிடும்.

உயிலங்குளத்துப் பக்கம், தீவிலிருந்து வெளியே போகிற வீதியை வெள்ளம் அறுத்துவிட்டிருந்தது. கடலும் படகு இறக்க விடவில்லை. விமானம் கூடாரங்களையும் மருந்தையும் இறக்கிவிட்டு, திரும்பும்போது அவசரமாகக் கொழும்பு போகவேண்டியவர்களை ஏற்றிப் போகும் என்றார்கள். மறுநாள் அது வேறு மாவட்டத்துக்குப் போய்விடும். அந்த ஒரே பயணத்தில் என் அக்காவும் போயாக வேண்டும். அவளுக்கு எட்டு மாதம். பிரஷர் ஏறிக்கொண்டே போகிறது, இங்கே வைத்திருந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்று டொக்டர் சொல்லிவிட்டார். அத்தான் கட்டாரில். துணைக்குப் போவது அம்மா.

போகிறவர்களின் பெயர்களை வரிசைப்படுத்தியதும் நான்தான். சொந்தக்காரரை முன்னுக்குப் போட்டுவிட்டான் என்று ஒருவரும் சொல்லக்கூடாது என்பதற்காக அக்காவையும் அம்மாவையும் கடைசியில் எழுதினேன். எல்லோருக்கும்தான் இடம் இருக்கிறதே என்ற துணிவு.

விமானத்தின் சுமைக்குப் பொறுப்பானவர் கதவு அகலத்துக்கு ஒரு மனிதர். எவ்வளவு பாரம், அது எங்கே இருக்கிறது என்று அவர் சொல்லாமல் விமானி ஒன்றும் செய்யமாட்டாராம். ஓடுபாதை நீளம் காணாது, மழையில் ஊறியும் கிடக்கிறது, ஆகவே ஒவ்வொருவரையும் பையோடு சேர்த்து நிறுக்க வேண்டும் என்றார். அவர்கள் கொண்டுவந்த தராசு நனைந்து செத்துப்போயிருந்தது. மீன்வாடியில் ஆள் ஏறி நிற்கக்கூடிய தராசு ஒன்று இருக்கிறது என்று நான் சொன்னேன். சிறிது நேரத்தில் அது லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் வந்து இறங்கியது. கூடவே அதில் மீன் நிறுக்கிற என் சித்தப்பாவும் வந்து இறங்கினார்.

சித்தப்பாவுக்கு மெல்லப் பேசத் தெரியாது. வாடியில் ஏலம் கூறிய தொண்டை.

"ஏறு தங்கச்சி, ஏறு! எழுபத்தொண்டு!"

"ஊருக்கே கேக்குது. மெல்லச் சொல்லுங்கோவன்," என்றார் ஏறிய ஆசிரியை.

"மெல்லச் சொன்னாப்போலை குறையுமே, பிள்ளை?"

அக்கா ஏறியதும் வரிசையில் நின்ற ஒருவர், "சினை மீனுக்கு விலை கூட," என்றார். அக்கா திரும்பி, "உம்மை வாடிப் பூனையும் மணந்து பாக்காது," என்றாள். பிரஷர் இருந்தாலும் வாய்க்குக் குறைவில்லை.

விமானத்திலிருந்து பெட்டிகளை இறக்கும்வரை எல்லோரும் காத்திருந்தோம். சுமைக்காரர் தன் போனில் ஒரு படம் காட்டினார். அவர்களுடைய படைப்பிரிவுக்குச் சரக்கு ஏற்றுவது பாதி வேலைதானாம். மறுபாதி, பறக்கும்போதே வேறு விமானங்களுக்கு எண்ணெய் கொடுப்பது. படத்தில் ஒரு விமானத்தின் இறக்கையிலிருந்து நீண்ட குழாய் ஒன்று பின்னால் வரும் விமானத்தின் மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. நான் பெருமையோடு மொழிபெயர்த்தேன். ஒருவரும் வியக்கவில்லை.

"இதென்ன, நாங்கள் கடலிலை செய்யிறதுதானே," என்றார் சித்தப்பா. "எண்ணெய் முடிஞ்ச போட்டுக்குப் பக்கத்துப் போட்டிலை இருந்து குழாயாலை விடுறேல்லையே? கேள் தம்பி, இவையளிலை முதல் வாயாலை உறிஞ்சிறது ஆர்?"

இந்தக் கேள்வியை இங்கிலீஷில் கேட்க எந்தப் பள்ளிக்கூடமும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இரண்டு தரம் தடுமாறிக் கேட்டேன். சுமைக்காரர் ஒரு கணம் யோசித்தார். பிறகு, புதிதாக வந்த இளம் அதிகாரி என்று சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

அந்தச் சிரிப்போடுதான் அவர் தராசிலும் ஏறினார். சித்தப்பா முள்ளைப் பார்த்து, "தொண்ணூத்தாறு!" என்று கூவினார். சுமைக்காரரின் சிரிப்பு நின்றது. தன் நிறை அவருக்கு நன்றாகத் தெரியும். அதைத் தெரிந்து வைத்திருப்பது அவருடைய தொழில். இது நிறையவே குறைவு என்றார். குனிந்து முள்ளைப் பார்த்தார். முள் சரியான இடத்தில்தான் நின்றது.

"சித்தப்பா, முள்ளு நூத்தி அஞ்சிலை நிக்குது. நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஓம், கழிவு போகத்தான் சொன்னனான்."

"என்ன கழிவு?"

"பெட்டிக்கு, ஐசுக்கு, தண்ணிக்கு. எப்பவும் கழிக்கிறதுதானே. வாய் தானாய்க் கழிக்குது."

"மனிசருக்கு என்ன ஐஸ்?"

"ஐஸ் இல்லைத்தான். ஆனா எல்லாரும் நனைஞ்சுபோய் நிக்கினம், தண்ணி இல்லையோ?"

எல்லோரையும் திரும்ப நிறுத்தோம். இந்தத் தரம் முள்ளை நானே வாசித்தேன். சுமைக்காரர் கூட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஒன்றில் சாமான் இறங்க வேண்டும், அல்லது வரிசையின் கடைசியில் உள்ளவர்கள் நிற்க வேண்டும் என்றார்.

அதை நான் தமிழில் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தே அம்மா விளங்கிக்கொண்டா.

"கடைசியிலை ஆர்?"

"நீங்களும் அக்காவும்."

"உன்ரை நேர்மையைக் கொண்டுபோய்க் கடலிலை போடு," என்றா அம்மா. அக்கா கதிரையில் இருந்தபடி வீங்கிய கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சாமானைக் குறையுங்கோ என்று கத்தினேன். எல்லோரும் தங்களிடம் உடுப்பு மட்டும்தான் என்றார்கள். எங்கள் ஊரில் எவரும் கொழும்பிலுள்ள உறவு வீட்டுக்கு வெறுங்கையோடு போவதில்லை, வெள்ளம் வந்தாலும் போவதில்லை. எனக்கு அது தெரியும். யாருடைய பையை முதலில் திறப்பது என்பதும் தெரியும். அம்மாவின் பையை இழுத்தேன்.

"விடடா! அந்த வீட்டிலை போய் எந்த முகத்தோடை நிக்கிறது?"

"உங்கடை மோளோடை போய் நில்லுங்கோ, அம்மா."

அம்மாவின் கை தளர்ந்தது. பையைத் தராசில் வைத்தேன். சித்தப்பா ஒருமுறை தொண்டையைச் செருமினார். பிறகு ஒரு துளியும் கழிக்காமல், தீவு முழுக்கக் கேட்கும்படி கூறினார்: "சீலாக் கருவாடு! பதினாலு கிலோ! அடியிலை ஒடியல் மா! ஒரே ஒரு சீலை!"

கூட்டம் சிரித்தது. சித்தப்பா அடுத்த பையைப் பார்த்தார். தன் பையையும் ஏலம் கூறுவார் என்று கண்ட ஆசிரியை, "நான் தானாய் எடுக்கிறன், தொடாதையுங்கோ!" என்று ஓடிவந்து இரண்டு பொதிகளை வெளியே வைத்தார். விசா எடுக்கப் போகிற ஒருவர் ஒரு சாக்கையே உருட்டிவிட்டார். நெத்தலி, திருக்கை, பனங்கட்டி எல்லாம் மழைத்தண்ணீரில் குவிந்தன. சுமைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு பெருவிரலை உயர்த்தினார்.

அக்காவைக் கதிரையோடு தூக்கி, பின்பக்கச் சரிவுப் பலகையால் ஏற்றினார்கள். அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. விமானம் சேற்றை வாரி எங்கள் முகத்தில் அடித்துவிட்டு ஓடியது. பாதை முடிகிற இடம்வரை ஓடியது. "எழும்பு, எழும்பு," என்று சித்தப்பா வலை இழுக்கிறவர் போல முனகினார். எழும்பியது.

மறுநாள் பின்னேரம், விட்டுப்போன பொதிகளை வீடு வீடாகக் கொடுக்க லாண்ட்மாஸ்டரில் தாராபுரம் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சித்தப்பா எஞ்சினை நிற்பாட்டினார். அம்மாவாக இருக்கும் என்று நினைத்தேன். அக்கா.

"பொம்பிளைப் பிள்ளையடா. கண்ணாடிப் பெட்டிக்குள்ளை வைச்சிருக்கினம். நல்லாய் இருக்கிறாளாம்."

போனைக் காதோடு இன்னும் அழுத்தினேன். சித்தப்பா என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"தம்பி, கேக்குதே?" என்றாள் அக்கா போனில்.

"ஓம் அக்கா, சொல்லு."

"பசிக்குதடா," என்றாள். "வயித்தை வெட்டினபடியால் தேத்தண்ணி மட்டும்தானாம். நீ இந்த நேர்சோடை இங்கிலீசிலை ஒருக்காக் கதைச்சுப் பாக்கிறியே?"