பதினேழாம் அறையின் பதில்

விடுதிப் பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் விசில் அக்கா. வேறு பெயர்களும் வைத்திருந்தார்கள், அதையெல்லாம் இங்கே எழுத முடியாது. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கும் விசிலைக் குளிக்கும்போதுகூட அவள் கழற்றுவதில்லை என்று ஒரு பேச்சு. அது பொய். சோப்பு நுரை உள்ளே போனால் சத்தம் கெட்டுவிடும் என்று கொடியில் மாட்டிவிட்டுத்தான் குளிப்பாள்.

கல்லூரிப் பெண்கள் விடுதியில் அவள் மேட்ரன். அவளுக்கு மேலே வார்டன் என்று ஒரு பேராசிரியை உண்டு. கையெழுத்துப் போடுவது வார்டன், தொண்டை கிழியக் கத்துவது இவள். விடுதிக்கு நேர் எதிரே அவள் கணவரின் ஸ்கூட்டர் மெக்கானிக் கடை. கடைக்குப் பின்னாலேயே குடித்தனம். சொந்தமாகப் பிள்ளை இல்லை. யாராவது அனுதாபம் காட்ட வந்தால், "எதிர்ல நூறு பொண்ணுங்க இருக்கு, ரெண்டைக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்பாள். வந்தவர் வாயை மூடிக்கொள்வார்.

தீ விஷயத்தில் அவளை அசைக்க முடியாது. தீயணைப்பு நிலையத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து வகுப்பு எடுத்தபோது பாதிப் பேர் கைப்பேசியிலும் மீதிப் பேர் தூக்கத்திலும் இருந்தார்கள். இவள் முன்வரிசையில் உட்கார்ந்து கேள்வி மேல் கேள்வி கேட்டாள். அன்றிலிருந்து அறை அறையாகப் புகுந்து, ஒளித்து வைத்த கெட்டிலையும் அயர்ன் பாக்ஸையும் பிடுங்கினாள். பின்படிக்கட்டில் எவளாவது பெட்டியை வைத்தால் பெட்டி முற்றத்துக்குப் பறக்கும். ஒருத்தி நூடுல்ஸ் வேகவைக்கும்போது கூவக் கூடாதென்று, புகை கண்டால் கத்தும் கருவிக்குக் குளியல் தொப்பியை மாட்டி வைத்திருந்தாள். விசில் அக்கா அந்தத் தொப்பியைக் கழற்றி அவள் தலையிலேயே மாட்டி, சாப்பாட்டுக் கூடம் முழுக்க நடத்திக் கூட்டிப்போனாள். மானம் போன கதை ஒரு வருடம் ஓடியது.

விசில் ஊதினால் எல்லோரும் துணி காயப்போடும் முற்றத்துக்கு வந்துவிட வேண்டும். அங்கே ஒவ்வோர் அறைக்கும் நிற்க ஓர் இடம். பெயர் பெயராகக் கூப்பிட்டு, அவரவர் வாயால் பதில் வாங்க வேண்டும் என்றுதான் அதிகாரி சொல்லிக்கொடுத்தார். அது முடிவதற்குள் வெயிலில் மயக்கம் போட்டு விழுந்துவிடுவார்கள் என்று அவள் சுருக்கிவிட்டாள். அறை எண்ணைச் சொல்வாள். அறைக்கு இரண்டு பேர். இரண்டு பேரும் இருந்தால் ஒருத்தி "முழுசு" என்றால் போதும். "பன்னெண்டு?" "முழுசு." "பதிமூணு?" "முழுசு." கேட்க நன்றாகத்தான் இருந்தது. வார்டன் மற்ற விடுதிக்காரர்களிடம் சொல்லிப் பெருமைப்பட்டார்.

அதோடு நின்றிருக்கலாம். ஒரு சனிக்கிழமை மதியம் ஒத்திகை வைத்தபோது ஆறாம் அறை மொத்தமாகக் காலி. சொல்லாமல் கொள்ளாமல் சினிமாவுக்குப் போயிருந்தார்கள். "தீ ஒத்திகையில மீன் மாட்டிடுச்சு பாருங்க" என்று வார்டன் சிரித்தார். அந்தப் பாராட்டு விசில் அக்காவுக்கு இனித்துவிட்டது. பிறகு யார்மேல் சந்தேகம் வந்தாலும் விசில்தான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு முற்றத்தில் முகம் முகமாகப் பார்த்தபடி நடப்பாள். சிக்கியவளின் அப்பாவுக்கு மாலைக்குள் போன் போகும். இரண்டு மூன்று பேரை அப்பாக்களே வந்து படிப்பை நிறுத்தி வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள்.

பெண்கள் மட்டும் இளித்தவாய்களா? தோழி இல்லாவிட்டாலும் "முழுசு" சொல்லப் பழகிக்கொண்டார்கள். வகுப்பில் ஒருத்திக்காக இன்னொருத்தி 'பிரசன்ட்' சொல்வதில்லையா, அதே பழக்கம். விசில் அக்காவுக்கும் இது தெரியும். அவளுக்கு அது திருடன் போலீஸ் விளையாட்டு. சில நாள் அவள் ஜெயித்தாள், சில நாள் அவர்கள் ஜெயித்தார்கள்.

பதினேழாம் அறையில் வாலுவும் சோடாவும் இருந்தார்கள். வாலுவுக்கு ஏன் அந்தப் பெயர் என்று விளக்க வேண்டியதில்லை. சோடாவுக்குக் கண்ணாடி கனம். பரீட்சைக்கு முந்தைய படிப்பு விடுமுறை, மாலைவரை யாரும் வாசலைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு. வாலு வந்து நின்றாள்.

"அக்கா, எங்க அக்காவுக்குக் குழந்தை பிறந்திருக்கு. இங்கதான், பெரிய ஆஸ்பத்திரியில. போன உடனே வந்துடறேன்."

"அப்பாவை எனக்குப் போன் பண்ணச் சொல்லு."

"அவர் பண்ண மாட்டாருக்கா. அக்கா தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்டா. வீட்டுல யாரும் அவகூடப் பேசறதில்ல."

"அப்ப நானும் பேசறதுக்கு இல்ல. போய்ப் படி."

வாலு அடங்குகிற ஆளா? மறுநாள் மதியம் பின்சுவர் ஏறிப் போகப்போவதாகச் சோடாவிடம் சொல்லிவைத்தாள். மறுநாள் சோடா காலையிலேயே கீழே வாசிப்பு அறைக்குப் போய்விட்டாள். குழந்தையைத் தனி அறையில் வைத்திருக்கிறார்கள், யாரையும் பார்க்க விடவில்லை என்று வாலுவின் அக்கா போன் செய்ததும், வாலு போகாமல் தலைவலி மாத்திரை போட்டுக் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படுத்துவிட்டதும் சோடாவுக்குத் தெரியாது.

அன்று மதியம், கீழ்த்தளத்தில் பழைய மெத்தைகள் அடுக்கிய அறை பற்றிக்கொண்டது. புகை முன்படிக்கட்டு வழியாக மேலே ஏறியது. விசில் அக்கா ஊதினாள். பெண்கள் பழகியபடி பின்படிக்கட்டில் இறங்கி முற்றத்துக்கு வந்தார்கள். அந்தப் பழக்கம் அன்று பலரைக் காப்பாற்றியது, அதை யாரும் மறுக்க முடியாது.

"பதினாறு?"

"முழுசு."

"பதினேழு?"

சோடா தனியாக நின்றிருந்தாள். வாலு இந்நேரம் ஆஸ்பத்திரியில் குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தாள். மாட்டினால் படிப்பு போய்விடும்.

"முழுசு" என்றாள்.

ஒத்திகைகளில் ஒவ்வொரு முகத்தையும் உற்று உற்றுப் பார்த்த விசில் அக்கா அன்று பார்க்கவில்லை. ஒத்திகையில் அவள் பிடிக்க வந்தவள். அன்று காப்பாற்ற வந்தவள், அதனால் நம்பிவிட்டாள். வண்டியிலிருந்து குதித்த தீயணைப்பு வீரர், "உள்ள யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். "இல்ல சார், எல்லாரும் வந்தாச்சு" என்றாள். அவர்கள் எல்லோரும் மெத்தை அறைப் பக்கம் ஓடினார்கள். மாடி அறைகளைத் தேடியது தீ அணைந்த பிறகுதான். வாலுவின் உடம்பில் ஒரு தீக்காயம்கூட இல்லை. புகையே போதுமாக இருந்தது.

சோடா விசில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தான்க்கா சொன்னேன், நான்தான்க்கா" என்று அரற்றினாள். அக்கா அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "வாயத் திறக்காத, யார்கிட்டயும் சொல்லாத" என்றாள். அப்போது அவள் எதையும் யோசித்துச் சொல்லவில்லை.

விசாரணைக் குழு அவளைக் கூப்பிட்டுக் கேட்டது, "பதினேழாம் அறையைக் கூப்பிட்டீங்களா?" கண்ணாடிக் கதவுக்கு அப்பால் சோடா தன் அம்மாவின் தோளில் சாய்ந்திருந்தாள். கூப்பிட்டேன் என்றால், யார் பதில் சொன்னது என்று அடுத்த கேள்வி வரும். அறைக்கு இரண்டு பேர், ஒருத்தி செத்துவிட்டாள். யாரையும் கைகாட்டவே தேவையில்லை.

"மறந்துட்டேன் சார். பதட்டத்துல பதினாறுலேர்ந்து பதினெட்டுக்குத் தாவிட்டேன்."

முற்றத்தில் அன்றிருந்த கூச்சலில் யார் என்ன சொன்னார்கள் என்று மற்றப் பெண்களுக்கு நினைவில்லை. வேலை போயிற்று; கவனக்குறைவு என்று பதிந்த போலீஸ் வழக்கை அதோடு முடித்துவிட்டார்கள். வாலுவின் அப்பா கடை வாசலில் நின்று வாயில் வந்தபடி சபித்துவிட்டுப் போனார். அவள் தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். உண்மை தெரிந்தவர் அவள் கணவர் ஒருவர்தான்.

அடுத்த வருடம் விடுதியில் புதிய தீப் பாதுகாப்புத் திட்டம் வந்தது. குழு மூளையைக் கசக்கி யோசித்திருந்தது. கூப்பிடுகிறவர் மறந்துவிட்டால் என்ன செய்வது? பக்கத்தில் இன்னொருவரை நிறுத்து. பதற்றத்தில் குரல் கேட்காவிட்டால்? ஒலிபெருக்கி கட்டு. பதில் மட்டும் அதே "முழுசு"தான். முற்றத்தில் இல்லாதவளின் வீட்டுக்கு இப்போதும் மாலைக்குள் போன் போனது.

"நீ ஒரு பொய் சொன்ன" என்றார் கணவர், சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே. "அவங்க அதுக்கு மைக்கு, ஸ்பீக்கரெல்லாம் வெச்சு வீடு கட்டிக் குடுத்துட்டாங்க."

அவர் கிண்டலாகத்தான் சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

ஒரு நாள் மதியம் ஒரு பெண் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து பஞ்சர் ஒட்டச் சொன்னாள். எதிரே விசில் ஒலித்தது, ஒலிபெருக்கி எண்களை அழைத்தது. "ஒன்பது?" "முழுசு!" அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அது என் ரூம்தான்க்கா. என் ஃப்ரெண்ட் கெட்டிக்காரி." விசில் அக்காவின் முகத்தைப் பார்த்து அந்தப் பெண்ணின் சிரிப்பு நின்றுவிட்டது.

சொல்லியாக வேண்டும். ஆனால் அவள் மட்டும் நினைத்துச் சொல்லிவிடக்கூடிய உண்மை இல்லை அது. சோடாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அன்று மாலையே கிளம்பினாள்.

சோடா இப்போது சித்தி வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போய்வந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள், முகம் தெளிந்திருந்தது. சித்தி டீ போட உள்ளே போனாள். எங்கே ஆரம்பிப்பது என்று அக்கா தடுமாறியபோது சோடாவே ஆரம்பித்தாள்.

"நானே வந்து உங்களைப் பார்க்கணும்னு இருந்தேன்க்கா. எனக்கு உங்க மேல கோபமே இல்ல."

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"ரொம்ப நாள் நான் தூங்கவே இல்லக்கா. நானே 'முழுசு'ன்னு சொன்ன மாதிரி காதுக்குள்ள கேட்டுட்டே இருக்கும். மனநல டாக்டர்தான் அந்தக் கமிட்டி ரிப்போர்ட்டை வாங்கிப் படிச்சுக் காட்டினாரு. பதினேழைக் கூப்பிடவே இல்லையேம்மா, நீ எப்படிப் பதில் சொல்லியிருப்பன்னு கேட்டாரு. பிரியமானவங்க போயிட்டா நாமதான் காரணம்னு மனசு தானா ஒரு கதை கட்டிக்குமாம். அதுக்கப்புறம்தான் எனக்குச் சோறே இறங்குச்சு." அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தக் கூச்சல்ல யாருக்குத்தான் மறக்காது? விடுங்கக்கா. நான் மன்னிச்சுட்டேன்."

சித்தி கொண்டுவந்த டீயை விசில் அக்கா குடித்தாள். சூடு தெரியவில்லை, இனிப்பும் தெரியவில்லை. "நல்லாப் படிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

நடந்ததைக் கணவரிடம் அப்படியே சொன்னாள். "சோடாவைக் காப்பாத்தினா விடுதிப் பொண்ணுங்க தீயில மாட்டுவாங்க, அவங்களைக் காப்பாத்தினா சோடா செத்துடுவா. நீ என்னம்மா பண்ண முடியும்?" என்றார். அவளுக்கு ஒரே ஒரு வழி தெரிந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் விடமாட்டார்.

மறுநாள் வார்டன் முன்னால் போய் நின்றாள்.

"நான் மறக்கல மேடம். பதினேழைக் கூப்பிட்டேன்."

வார்டன் பேனாவை மூடினார். "பதில்?"

"வரல. அந்தக் கண்ணாடிப் பொண்ணு மலைச்சுப் போய் நின்னா. வாலு சுவர் ஏறிப் போயிருப்பான்னு நினைச்சேன். குழந்தையப் பார்க்க லீவு கேட்டா, நான்தான் குடுக்கல. மாட்டிவிட மனசு வரல. நானே முழுசுன்னு சொல்லி, அடுத்த ரூமைக் கூப்பிட்டுட்டேன்."

"தெரிஞ்சேவா?" வார்டனின் குரல் தாழ்ந்தது. "மறந்தது வேற. இது வேற. நீங்க சொல்றது என்னன்னு உங்களுக்குப் புரியுதா? கேஸைத் திரும்ப எடுப்பாங்க."

"எடுக்கட்டும் மேடம். நேத்து ஒன்பதாம் ரூம் முழுசுன்னு சொல்லுச்சு. அந்தப் பொண்ணு எங்க கடையில நின்னு சிரிச்சிட்டிருந்தா. ஆள் பிடிக்கறதுக்கு ஒத்திகை வெக்காதீங்க. நான் வெச்சேன், அது என்ன ஆச்சுன்னு பார்த்துட்டோம். இல்லன்னு சொன்னா தண்டனைன்னு இருக்கறவரைக்கும் எவளும் தன் ஃப்ரெண்ட் இல்லன்னு சொல்ல மாட்டா."

வார்டன் அவளை உட்காரச் சொல்லவில்லை. ஆனால் அவள் சொன்னதை மேலே கொண்டுபோனார். குழு மறுபடி கூடியது. இந்த முறை சரியான இடத்தில் கை வைத்தார்கள்: முற்றத்தில் இல்லாதவளைப் பற்றி ஒரு கேள்வியும் கிடையாது, வீட்டுக்குப் போன் கிடையாது, அவரவர் பதிலை அவரவரே சொல்ல வேண்டும். அடுத்த ஒத்திகையில், "என் ரூம்ல ஒருத்தி இல்ல, வெளிய போயிருக்கா" என்று ஒரு பெண் பயமில்லாமல் சொன்னது ஒலிபெருக்கியில் கடைவரை கேட்டது. விசில் அக்கா கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அவள் பெயருக்கு நீதிமன்றச் சம்மன் ஏற்கெனவே வந்திருந்தது.

செய்தி சோடாவுக்கும் போய்விட்டது. ஒரு மாலை கடைக்கு வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை.

"மறந்துட்டீங்கன்னு நினைச்சுதான் மன்னிச்சேன்" என்றாள். "என் கையால உங்க கையப் பிடிச்சேன். அப்பகூட நீங்க சொல்லல."

விசில் அக்கா நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினாள்.

"உள்ள அவ இருப்பாளோன்னு ஒரு நிமிஷம் தோணலையா உங்களுக்கு? அந்த வார்த்தை எப்படி உங்க வாயில வந்துச்சு?"

கணவர் ஸ்பேனரை எறிந்துவிட்டு எழுந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் விசில் அக்கா அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். எண்ணெய்க் கை, வழுக்கியது. விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"வெளிய போயிருப்பான்னு நினைச்சேன்ம்மா" என்றாள். "பாவம், மாட்டிக்கக் கூடாதேன்னு நினைச்சேன். அவ மேல இருந்த பிரியத்துலதான் சொன்னேன். வேற ஒண்ணும் இல்ல."

"அதெல்லாம் ஒரு காரணமா?" என்று கேட்டுவிட்டு, சோடா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள்.