பாதியாக வெட்டிய காயில்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தாம்பரத்தில் எலக்ட்ரிகல் கடை, செம்பாக்கத்தில் ஏரியைப் பார்த்த மாடி வீடு, எல்லாம் இந்த இரண்டு கைகள் சம்பாதித்தவை. இதை யாரிடமாவது சொல்லாமல் விட்டிருக்கிறேனா என்று யோசித்தால் ஒருவரும் நினைவுக்கு வரவில்லை.

என் தங்கை அனகாபுத்தூரில் இருக்கிறாள். வாசலில் கரண்ட் அடுப்பை வைத்துச் சாயங்காலம் சூப் விற்கிறாள். பிழைப்பே அதுதான். போன மாதம் அடுப்பின் கம்பிச்சுருள், அதாவது காயில், நடுவில் கருகி அறுந்துவிட்டது. புதுக் காயில் என் கடையிலேயே தொங்குகிறது. ஆனால் கருகிய பாதியை வெட்டி எறிந்துவிட்டு, மீதியை இழுத்து மாட்டுவது என் பழைய வித்தை. அதைத்தான் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை அடுப்பை வாங்கிப்போக வந்தவளைச் சாப்பிட உட்காரவைத்துப் பெருமையடித்தேன்.

“நாலு ஆம்பியர் இழுத்த அடுப்பு. இப்ப காயில் பாதி, இனி ரெண்டுதான் இழுக்கும். பில்லும் பாதி.”

“எங்கண்ணன் மூளையே மூளை,” என்றாள் தங்கை.

பரிமாறிக்கொண்டிருந்த மருமகள் நின்றாள். பள்ளியில் இயற்பியல் எடுப்பவள். “ரெண்டு இல்ல மாமா, எட்டு ஆகும். வோல்ட்டை ஆம்பியரால வகுத்தா ரெசிஸ்டன்ஸ். இருநூத்து முப்பதை நாலால வகுத்தா ஐம்பத்தேழு ஓம் சொச்சம். காயிலைப் பாதியா வெட்டினா அந்தத் தடையும் பாதியாயிடும். தடை குறைஞ்சா கரண்ட் கூடத்தான் ஓடும். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிப் பாருங்க, தொள்ளாயிரத்து இருபது வாட்ஸ் அடுப்பு ஆயிரத்து எண்ணூத்து நாற்பது ஆயிடும். அத்தை வீட்டு வயர் தாங்காது.”

“நீ போர்டுல படிச்ச கரண்ட், நான் ஷாக் அடிச்சுப் படிச்ச கரண்ட். சாம்பார் ஊத்தும்மா.”

“கடையில மீட்டர் இருக்கே, வச்சுப் பாத்துடலாமே?”

“அது விக்கிறதுக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சாம்பார் ஊற்றினாள்.

அந்த வாரமே தங்கை வீட்டு பிளக் உருகியது. பிடுங்கப் போனவளின் வலது உள்ளங்கை வெந்துபோனது. நான் போய் நின்றபோது அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடியிருந்தார்கள். அடுப்பை யார் ரிப்பேர் செய்தது என்று ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அண்ணன் ஒயுங்காத்தான் செஞ்சு குடுத்துச்சு,” என்றாள் தங்கை. “நான்தான் பிளக்கைச் சரியா சொருவாம வுட்டுட்டேன்.”

“இல்ல, தப்பு என்னுது. காயிலை வெட்டினது நான்,” என்றேன்.

“பாரேன், தங்கச்சிய வுட்டுக் குடுக்காம பழியத் தன் தலைல போட்டுக்கினு கீறாரு,” என்றாள் அந்தப் பெண்.

தங்கையும் விடவில்லை. “காயில் சின்னதானா கரண்டு கம்மியாத்தானே அண்ணா ஆவும்? நீதானே சொன்ன. அப்புறம் எப்படி உன் தப்பு?”

விளக்கவேண்டும். இருநூற்று முப்பதை எதனாலோ வகுக்கவேண்டும், பிறகு எதையோ பாதியாக்கவேண்டும். தாம்பரம் முழுக்க வயர் விற்றவனுக்கு இது தெரியாது. என் தப்பை என் தப்பு என்று நிரூபிக்கக்கூடத் தெரியாது.

மருமகளைப் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். “அந்தக் கணக்கைச் சொல்லும்மா. எல்லாரும் கேக்கட்டும். யார் தப்புன்னு தெரியட்டும்.”

“சொல்றேன் மாமா. முதல்ல அத்தை கை எப்படி இருக்கு, எரிச்சல் இருக்கான்னு கேளுங்க.”

வந்ததிலிருந்து நான் அதைக் கேட்டிருக்கவில்லை.